ஓட்டை போட்ட கேன்கள்

சிப்காட் தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் போகத் தொடங்கும் நேரத்தில் ஆரோக்கியமேரி கேன்களை முகர்ந்து பார்க்க உட்காருவாள். ஒரு பிளாஸ்டிக் முக்காலி, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, பக்கத்தில் வெந்நீர் அண்டா கொதிக்கும் விறகடுப்பு. முந்தின நாள் திரும்பி வந்த இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களைக் கணவன் சின்னராசு ஒவ்வொன்றாக அவள் பக்கம் உருட்டிவிடுவான். அவள் கேனின் வாயில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுப்பாள். ஒன்றும் இல்லையென்றால் கேன் வலது பக்கம் போகும். அங்கே வெந்நீர், நீளக் காம்பு வைத்த பிரஷ், மறுபடி வெந்நீர், அதற்கப்புறம்தான் தண்ணீர் பிடிக்கும் குழாய். ஏதாவது வாசனை இருந்தால் இடது பக்கம்.

இடது பக்கம் போன கேன் திரும்பத் தண்ணீர் பார்க்காது. அடுப்பில் எப்போதும் ஒரு இரும்புக் கம்பி செருகியிருக்கும். சின்னராசு உருக்காலையில் கான்ட்ராக்ட் கூலியாக இருந்தபோது கொண்டுவந்த கம்பி. அது சிவந்ததும் கேனின் அடியில் ஓட்டை போட்டுவிடுவார்கள். சும்மா எறிந்தால் யாராவது பொறுக்கிக்கொண்டு போய் வேறு தண்ணீர் பிளான்ட்டில் கொடுப்பார்கள். அது மறுபடி யார் வீட்டிலாவது குடிதண்ணீராக வந்து உட்காரும். ஓட்டை போட்ட கேனை வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் கவிழ்த்து வைப்பார்கள். பதினோரு வருடத்தில் அந்த வேலியே நீலமாகிவிட்டிருந்தது.

கும்மிடிப்பூண்டி மாதிரி ஊரில் காலிக் கேனுக்கு ஓய்வு கிடையாது. பத்து இந்திக்காரப் பையன்கள் தங்கியிருக்கிற அறையில் அதில் கடுகெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். மெஸ்ஸில் ஊறுகாய். பட்டறைகளில் டீசல், கூலன்ட். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் காலியாக ஒன்று நின்றால் ஊற்றி வைக்கத் தோன்றும், அவ்வளவுதான். கழுவினால் போய்விடும் என்று மற்ற பிளான்ட்காரர்கள் சொல்வார்கள். போகாது. பிளாஸ்டிக் ஒருமுறை குடித்ததை லேசில் விடாது.

மாதா சிலை நிற்கும் சின்னக் கற்குகையான கெபிக்கு எதிரே இருந்ததால் அவர்கள் தண்ணீருக்குக் கெபித் தண்ணி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரையே லேபிளில் அச்சடித்துக்கொண்டார்கள். தண்ணீர் எல்லாப் பிளான்ட்டிலும் ஒரே மாதிரிதான். இங்கே மேரியின் மூக்கு இருக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அந்த மூக்கு செத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் வந்த காய்ச்சல் நான்கு நாளில் போய்விட்டது, போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகி, அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்து இறக்கியபோதுதான் ஆரோக்கியமேரிக்கே அது தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தினம் காலையில் முக்காலியில் உட்கார்ந்தாள். மூக்கை வைத்தாள். மூச்சை இழுத்தாள். மனதில் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிட்டு வலது பக்கம் தள்ளினாள். சந்தேகத்துக்கு இரண்டு கேனை இடது பக்கமும் தள்ளினாள். வலது பக்கக் கேன்களுக்கு இன்னும் ஒரு வாட்டி வெந்நீர் ஊற்றினாள்.

புதன்கிழமை முற்பகல், வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பால்வாடி டீச்சர் நர்மதா ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் ஒரு கேனை வைத்துக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாக வந்தாள்.

"மேரிக்கா, கொஞ்சம் இப்டி வாங்க."

"இன்னா டீச்சர், நீயே தூக்கிக்கினு வந்துட்ட? ஒரு போன் போட்டா அவரு வந்திருப்பாரே."

நர்மதா மூடியைத் திறந்து கேனைச் சாய்த்துக் காட்டினாள். ஆரோக்கியமேரி குனிந்து மூக்கை வைத்தாள். நிமிர்ந்தாள்.

"இன்னா?"

நர்மதா அவள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டீசல் அடிக்குதுக்கா. குண்டான்ல ஊத்தறப்பவே குப்புனு வந்துது."

"யாருனா குடிச்சாங்களா?"

"இல்ல. ஒரு புள்ளயும் குடிக்கல. அப்டியே கொட்டிட்டேன்."

ஆரோக்கியமேரி அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையிலிருந்த துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆபீசுக்கு இன்னும் சொல்லல. சாயங்காலம் சொல்லித்தான் ஆவணும்," என்றாள் நர்மதா. "ஆறு வருசமா உங்க தண்ணிதான் குடிக்குதுங்க. மொதல்ல உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன். ஆனா ஒரு புள்ளயோட அம்மா கேன போட்டோ எடுத்துட்டாங்க. அத நான் தடுக்கல. தடுக்கறதும் தப்புதானேக்கா."

"தப்புதான் டீச்சர்."

குப்பென்று அடிக்கிற டீசலை முகர்ந்துவிட்டு ஒருத்தி ஏன் 'இன்னா' என்று கேட்டாள் என்பதை நர்மதா கேட்கவில்லை. கேட்காமல் அவள் தோளைத் தொட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். உலகத்தில் பல நல்ல காரியங்கள் இப்படி ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதிலேயே முடிந்துவிடுகின்றன.

மத்தியானத்துக்குள் போட்டோ ஊர் முழுக்கப் போய்விட்டது. 'கெபித் தண்ணியில் டீசல். பால்வாடிப் பிள்ளைகள் உயிருக்கு ஆபத்து.' லோடு ஆட்டோவில் கேன் போடப் போன சின்னராசு, ஏற்றிக்கொண்டு போனதை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தான்.

"மெஸ்ஸுக்காரன் கதவயே தொறக்கல மேரி. டீக்கடைக்காரன், வண்டிக்கு டீசல் போடணும், ஒரு கேன் எறக்குன்றான். எல்லாம் சிரிக்கிறானுங்க."

ஆரோக்கியமேரி கேழ்வரகுக் கூழைக் கரைத்து முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

சாயங்காலம் மகள் கிறிஸ்டினா ஷிப்டு முடிந்து வந்தாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. கையில் போன் மினுக்கிக்கொண்டேயிருந்தது.

"பஸ்ஸுலயே எனக்கு மூணு பேரு அனுப்புறாங்க மா. உங்க ஊட்டு தண்ணியான்னு கேக்கறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமான்னேன். இன்னா சொல்றது?" செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவின் கூழை எடுத்துக் குடித்தாள். "நைனா, பேஜாராவாத. ஒண்ணு செய்லாம். எங்க கம்பெனில வெளிய ஆளுங்கள கூட்டியாந்து உள்ள எல்லாத்தையும் சுத்திக் காட்டுவாங்க. பொருள் எப்டி செய்றாங்கன்னு பாத்துட்டா அவங்க வேற எங்கயும் போமாட்டாங்க. இப்ப ஜனங்களுக்கு முன்னாடி கீறது வோணாம், பின்னாடி இன்னா நடக்குதுன்னு தெரியணும். நம்ப ஒரு வீடியோ போடலாம். நீங்க எப்டி கழுவறீங்க, அம்மா எப்டி மோந்து பாக்குது, எல்லாம்."

சின்னராசுவின் முகத்தில் முதன்முதலாக உயிர் வந்தது. "சோக்கா சொன்ன. நாளைக்கே எடுத்துடலாம்."

ஆரோக்கியமேரி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் சின்னராசு தரை முழுக்கப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தான். மருந்துக் கடையில் கையுறை வாங்கிவந்தான். எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் கோட்டு இரவல் வந்தது. வேலியோரம் இருந்த ஓட்டைக் கேன்களின்மேல் ஒரு பெரிய தார்ப்பாயை இழுத்து மூடினான்.

"அத ஏன் நைனா மூடற?"

"இம்மாங் கேனு கெட்டுப்போவுதான்னு கேப்பாங்க. அத வேற எதுக்குக் காட்டணும்? சுத்தமா கீறத மட்டும் எடு."

கிறிஸ்டினா கம்பெனிக்கு மூன்று நாள் லீவு சொல்லிவிட்டுப் போனைப் பிடித்தாள். வெள்ளைக் கோட்டு ஆரோக்கியமேரிக்கு முழங்கால்வரை தொங்கியது. அவள் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நின்றாள்.

"மா, கேன எடு. மோந்து பாரு. அப்பால கேமராவப் பாத்து லேசா சிரி. 'எங்கம்மா மோந்து பாக்காம ஒரு கேனும் இங்கருந்து வெளிய போவாது'ன்னு நான் பின்னாடி கொரல் குடுத்துக்கறேன்."

ஆரோக்கியமேரி கேனைத் தூக்கினாள். மூக்குவரைக்கும் கொண்டுபோனாள். கீழே வைத்துவிட்டாள்.

"அத நிறுத்து கிறிஸ்டி."

"இன்னா மா?"

"நிறுத்துடி." கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினாள். "எனக்கு வாசன தெரியல. காய்ச்ச வந்ததுலருந்து ஒண்ணியும் தெரியல. பூவும் ஒண்ணுதான், சாக்கடயும் ஒண்ணுதான்."

சின்னராசு பிரஷ்ஷை அண்டாவுக்குள் விட்டுவிட்டான். "அப்ப தெனம் உக்காந்து மூக்க வெச்சியே?"

"வெச்சேன்."

"வெச்சி?"

"சும்மா வெச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா யாரு பாக்கறது? உருக்காலைல தூசி தின்னு உன் மூக்கு எப்பவோ போச்சு. இவ ஷிப்டுக்குப் போய்டறா. பிளான்ட்ட மூடிடுவோமோன்னு பயம்." கொஞ்சம் நிறுத்தினாள். "பயம் மட்டும் இல்ல. மேரி மூக்கு, மேரி மூக்குன்னு ஊரே சொல்லிச்சில்ல. அது போச்சின்னு சொல்ல மனசு வர்ல. பெரும புடிச்சவ நான். அந்தப் பெருமையத்தான் புள்ளைங்களுக்கு கேனுல ஊத்தி அனுப்பியிருக்கேன்."

சின்னராசு அண்டாவுக்குள் விழுந்த பிரஷ்ஷை வெளியே எடுத்து வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "இது நம்ப மூணு பேரோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா அவ்ளோதான், முடிஞ்சிது."

அன்று அவர்கள் வீடியோ எடுக்கவில்லை. ஆரோக்கியமேரி ஒரு வேலை மட்டும் விடாமல் செய்தாள். சின்னராசுவை வண்டி எடுக்கச் சொல்லி, எந்தெந்த வீட்டில், அறையில் கெபித் தண்ணி இருந்ததோ அங்கெல்லாம் போய்க் கேனைத் திரும்ப வாங்கிவந்தாள். சிலர் முகத்தில் அடித்தாற்போலக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். வந்த கேன்களைக் கிறிஸ்டினா முகர்ந்தாள். ஒன்றில் ஊறுகாய் வாசனை, ஒன்றில் லேசாகக் கடுகெண்ணெய். இரண்டுக்கும் ஓட்டை போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளைக் கார் ஒன்று வாசலில் நின்றது. சந்திரமோகன் இறங்கினார். அந்தப் பக்கத்தில் பெரிய பிளான்ட் அவருடையது. ஆறு லாரி, கம்பெனி கான்டீன்கள் எல்லாம் அவர் கையில். சின்னராசு ஓடிப்போய் நாற்காலி போட்டான்.

"உக்காருங்க சார். நாஷ்டா ஆச்சா?"

"அதெல்லாம் ஆச்சு சின்னராசு. மனசு கேக்கல, அதான் வந்தேன். நாளைக்கு இதே எனக்கும் நடக்கலாம்." அவர் ஆரோக்கியமேரியைப் பார்த்தார். "மேரிம்மா, நான் நேரா விஷயத்துக்கு வரேன். கெபித் தண்ணின்ற பேர இன்னையோட விட்ருங்க. லேபிள உரிச்சிட்டு என் லேபிள ஒட்டுங்க. ரூட்டு உங்களுது, வண்டி உங்களுது, தண்ணி என்னுது. அந்த டீசல் கேன் உங்களுதே இல்ல, யாரோ உங்க லேபிள ஒட்டிப் போலியா போட்டுட்டாங்கன்னு நான் சொல்ல வெக்கிறேன். நான் சொன்னா நம்புவாங்க."

சின்னராசு மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது.

ஆரோக்கியமேரி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கேனு எங்களுதுதான் சார்."

"எனக்குத் தெரியும்மா. அத வெளிய சொல்ல வேணாம்னுதான்..."

"எங்களுதுதான். எங்க ஊட்லருந்துதான் போச்சி. நான்தான் அனுப்புனேன்."

"சரி. சொல்லி இன்னா ஆவப்போவுது? யாருன்னா மாலை போடப்போறாங்களா?"

"போடமாட்டாங்க." அவள் குரல் உயரவில்லை. "ஒண்ணு கேக்கறேன் சார், கோச்சிக்காதீங்க. உங்க பிளான்ட்டுல திரும்பி வர கேன யாரு மோந்து பாக்கறது?"

சந்திரமோகன் சிரித்தார். "மெஷின் கழுவுதும்மா. நாலு வாட்டி சுத்தி வருது."

"மெஷினுக்கு மூக்கு கீதா சார்?"

கிறிஸ்டினா திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். சந்திரமோகனின் முகம் மாறியது.

"நல்லதுக்கு சொல்ல வந்தேன். ரெண்டு வாரத்துல இந்த எடத்துல பூட்டு தொங்கும். அப்ப என் லேபிளும் கெடைக்காது."

"தொங்குனா தொங்கட்டும் சார். எங்க பேரப் போட்டே பூட்டிக்கறோம்."

கார் போனபிறகு சின்னராசு கத்துவான் என்று அம்மாவும் மகளும் காத்திருந்தார்கள். அவன் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தான். பின்பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் தார்ப்பாய் இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்கள். வேலியோரம் அத்தனை நீலக் கேன்களும் வெயிலில் கிடந்தன, அடியில் கருகிய ஓட்டைகளோடு.

"இன்னா நைனா பண்ற?"

"அந்தாளு கிளம்பறப்ப சந்து வழியா இதப் பாத்துட்டு, இன்னாய்யா தார்ப்பா போட்டு மூடி வெச்சிக்கீறன்னு கேட்டான்." சின்னராசு தார்ப்பாயை மடித்தான். "நம்ப செஞ்ச நல்லதையே நான் திருட்டுச் சாமான் மாதிரி மூடி வெச்சிருந்தேன். எடு உன் வீடியோவ. உங்கம்மா இன்னா சொல்லுதோ அதயே எடு."

வெள்ளைக் கோட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை காலையில், தலையில் துண்டோடு, ஓட்டைக் கேன்களுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு ஆரோக்கியமேரி உட்கார்ந்தாள். ஒரே தடவையில் பேசி முடித்தாள்.

"நான் ஆரோக்கியமேரி. கெபித் தண்ணி எங்களுது. பால்வாடிக்குப் போன டீசல் கேனு எங்க கேனுதான். வேற யாரும் மாத்தி வெக்கல. தெனம் நான்தான் கேன மோந்து பாத்து அனுப்புறவ. காய்ச்ச வந்து எனக்கு வாசன போய்டிச்சி. போனத யார்கிட்டயும் சொல்லாம மோந்து பாக்கற மாதிரி உக்காந்துக்கினு இருந்தேன். அது என் தப்பு. புள்ளைங்க யாரும் குடிக்கல. அது ஆண்டவர் கிருபை, டீச்சரோட மூக்கு. பின்னாடி தெரியுதே, இதெல்லாம் நாங்க வோணாம்னு ஓட்ட போட்ட கேனு. இத்தன வருசமா ஊட்டுக்குப் பின்னாடி வெச்சிருந்தோம். இனிமே முன்னாடி வெக்கிறோம். நாளைக்கு காலைல கெபிகிட்ட கேன தொறந்து வெக்கிறேன். தண்ணி புடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே மோந்து பாருங்க. புடிச்சா எடுத்துக்கங்க. புடிக்கலன்னா திட்டிட்டுப் போங்க. கேனுல மட்டும் டீசலு, எண்ண எதையும் ஊத்தாதீங்க. அது சுத்திக்கினு திரும்பி ஒரு புள்ள வாய்க்குத்தான் வரும்."

சிரிப்புப் படங்கள்தான் முதலில் வந்தன. 'மூக்கில்லாத மேரி' என்று ஒருவன் போட்டிருந்தான். இன்னொருவன், 'கெபித் தண்ணி, லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர் மைலேஜ்' என்று கேட்டிருந்தான். கிறிஸ்டினா அதையெல்லாம் அழிக்கப் போனாள்.

"அழிக்காத," என்றாள் அம்மா. "அதுவும் முன்னாடியே இருக்கட்டும்."

மறுநாள் குருத்து ஞாயிறு. கெபியில் குருத்தோலையை மந்திரித்து, அங்கிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு கோயிலுக்குப் போவது வழக்கம். சனம் வருவதற்கு முன்பே சின்னராசு இரண்டு பெஞ்சுகளை ரோட்டோரம் போட்டான். அடுப்பும் அண்டாவும் வெளியே வந்தன. தண்ணீர்க் குழாயை நீட்டி வாசல்வரைக்கும் இழுத்தார்கள். கழுவிய கேன்கள் மூடியில்லாமல் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் விடியற்காலையில் கிறிஸ்டினா முகர்ந்திருந்தாள். பக்கத்தில் ஓட்டைக் கேன்கள், ஆளுயரத்துக்கு.

ஓலை பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பார்த்தார்கள். நின்றார்கள். கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஒருத்தி மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டு இன்னொருத்தி காதில் ஏதோ சொன்னாள். பாதிரியார் ஓலையில் தீர்த்தம் தெளித்தார், பெஞ்சுப் பக்கமும் நான்கு துளி விழுந்தது. யாரும் கேனைத் தொடவில்லை. ஆரோக்கியமேரி கையில் தன் ஓலையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது.

அப்போது ஒரு பழைய பைக் வந்து நின்றது. முப்பது வயசுக்காரன், லேத் பட்டறை மெக்கானிக், பேர் சாம்சன். பின்னால் இரண்டு நீலக் கேன்களைக் கயிற்றில் கட்டியிருந்தான்.

"அக்கா," என்றான். கயிற்று முடிச்சை நெருடினான்.

"சொல்லு பா."

"அது என் கேனாத்தான் இருக்கும்க்கா. பேரிங்கு கழுவறதுக்கு டீசல் ஊத்தி வெச்சிருந்தேன். காலியானதும் சின்னராசு அண்ணன் வந்து கேட்டாரு, குடுத்துட்டேன். திரும்பி அதுலயே தண்ணி புடிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. பட்டறைல உங்க வீடியோவப் பாத்துட்டு பசங்க சிரிச்சானுங்க. எனக்கு சிரிக்க வர்ல. எம் புள்ளயும் அந்த பால்வாடிதான்க்கா."

ஆரோக்கியமேரி எழுந்து அவன் கயிற்றை அவிழ்க்க உதவினாள்.

"இதுங்கள்ளயும் டீசல் கீது. நீங்களே ஓட்ட போட்ருங்க. மத்த பட்டறைங்களுக்கும் நான் சொல்லிக்கினு வந்தேன்."

"ஒரு உதவி பண்றியா? அங்க நிக்கற கேன கொஞ்சம் மோந்து பாத்து சொல்லு, நாலு பேருக்கு தைரியம் வரட்டும்."

சாம்சன் தலையைச் சொறிந்தான். "பொழுதுக்கும் டீசல்லயே கீறேன்க்கா. எம் மூக்கும் உங்க மூக்கு மாதிரிதான்."

முதலில் சிரித்தது ஆரோக்கியமேரிதான். அப்புறம் சின்னராசு. "நல்லா சேந்தோம் பா மூணு பேரும்," என்றான். ஓலை பிடித்த கூட்டத்திலும் சிரிப்பு பரவியது. தள்ளி நின்றவர்கள் இரண்டடி கிட்டே வந்தார்கள்.

அந்த இடைவெளியில் நர்மதா வந்தாள். நெற்றியில் விபூதி, கையில் கோயில் பிரசாதப் பை. பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், முதல் கேனைத் தூக்கி மூக்கில் வைத்தாள். இழுத்தாள். வைத்தாள். "இது பால்வாடிக்கு," என்றாள். "அண்ணே, தண்ணி புடிங்க. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். இனிமே நானே வந்து மோந்து பாத்து எடுத்துக்கினு போறேன்னும் எழுதியிருக்கேன்."

அதற்குப் பிறகு வரிசை தானாக வந்தது. மோர் கொடுத்த வீட்டுக்காரி வந்தாள். இந்திக்காரப் பையன்கள் நான்கு பேர் வந்து, ஒருவன் முகர்ந்ததையே நான்கு பேரும் முகர்ந்து, தங்களுக்குள் ஏதோ சண்டை போட்டு, கடைசியில் தலையாட்டினார்கள். டீசல் போடச் சொன்ன டீக்கடைக்காரன்கூட வந்தான்.

"மைலேஜ் எவ்ளோ அண்ணே?" என்றாள் கிறிஸ்டினா.

"உடு பாப்பா," என்று அவன் கேனுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

எல்லோரும் வந்துவிடவில்லை. மெஸ்ஸுக்காரன் வரவில்லை, பாதி அறைக்காரர்கள் வரவில்லை. வந்தவர்கள் மட்டும் அவசரமில்லாமல் முகர்ந்தார்கள். தன் குழந்தைக்கு ஊட்டும் முன் சோற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஓலை ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு கிளம்பியபோது பின்னால் ஒரு வெள்ளைக் கார் மாட்டிக்கொண்டது. சந்திரமோகன் கண்ணாடியை இறக்கினார். பெஞ்சையும் வரிசையையும் ஓட்டைக் கேன் குவியலையும் பார்த்தார்.

"இன்னா மேரிம்மா, மூக்கு வந்துடிச்சா?"

"வர்ல சார்." அவள் ஓலையோடு காருக்குக் கிட்டே போனாள். "வந்தாலும் இனிமே நான் ஒருத்தி மட்டும் மோந்து பாக்க மாட்டேன். எறங்கி வாங்களேன். நீங்களும் ஒண்ணு பாருங்க."

"எனக்கு வேல கீது."

"அப்ப உங்க கேனயும் ஒரு நாளு தொறந்து வெய்ங்க சார். நாங்க வந்து பாக்கறோம்."

கண்ணாடி ஏறியது. ஊர்வலம் நகர்கிறவரைக்கும் கார் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது.

"மேரிக்கா," என்று நர்மதா கூப்பிட்டாள். இரண்டாவது கேனைப் பிடித்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கியிருந்தாள். "இது சரியில்ல."

கிறிஸ்டினா ஓடிவந்தாள். "நான் பாத்தேனே டீச்சர். நல்லாத்தான் இருந்துது." மறுபடி முகர்ந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"அடில கீது. லேசா. சோப்புத்தண்ணி மாதிரி."

டீக்கடைக்காரன் வாங்கி முகர்ந்தான். மோர் வீட்டுக்காரி வாங்கி முகர்ந்தாள். "ஆமா, கீது," என்றாள். கேன் கை மாறிக் கை மாறிச் சின்னராசுவிடம் வந்தது. இந்த ஒரு கேனுக்காக வரிசை கலைந்துவிடுமோ என்று ஆரோக்கியமேரி அவன் முகத்தைப் பார்த்தாள்.

சின்னராசு கேனை இடது பக்கம் வைத்தான், சாம்சன் கொண்டுவந்த இரண்டு கேன்களுக்குப் பக்கத்தில். துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்பிலிருந்து கம்பியை உருவினான். நுனி சிவந்திருந்தது. நடு ரோட்டோரத்தில், ஊர் பார்க்க, மூன்றுக்கும் அடியில் ஓட்டை போட்டான். கரும்புகை எழுந்து காற்றில் சுழன்றது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சாம்சன்கூடச் சட்டையால் பொத்திக்கொண்டான். காருக்குள் சந்திரமோகன் கர்ச்சீப்பை எடுத்தார். ஒருவர்கூட வரிசையை விட்டு நகரவில்லை.

புகைக்கு நடுவில் ஆரோக்கியமேரி மட்டும் மூக்கைப் பொத்தாமல் நின்றாள். எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நாறுதா?" என்று கேட்டாள்.

"ஐயோ, நாறுதுக்கா," என்றாள் நர்மதா, முந்தானைக்குள்ளிருந்து.

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

"அப்ப சரி," என்று ஆரோக்கியமேரி அடுத்த கேனை எடுத்து நீட்டினாள்.